விமான தூரம் சொல்லும் தளங்கள்: எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம்

எங்கள் அலுவலகத்தில் யார் எங்கே பறந்தாலும் ஏற்பாடு என் மேசைக்குத்தான் வரும். டிக்கெட் எடுப்பது அதில் சின்ன வேலை. ஒருவர் எத்தனை கிலோமீட்டர் பறந்தார் என்று கார்பன் கணக்கில், அதாவது பயணத்தால் வெளியாகும் கரியமில வாயுவின் கணக்கில், எழுத வேண்டும். இறங்கிய அன்றே கூட்டம் வைக்கலாமா, மறுநாளைக்குத் தள்ளலாமா என்று சொல்ல வேண்டும். நடுவில் விமானம் மாற நேரம் போதுமா என்று பார்க்க வேண்டும். அதனால் இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் விமான தூரமும் பயண நேரமும் சொல்லும் தளங்களோடு எனக்கு நெடுநாள் பழக்கம். எதை நம்பலாம் என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூரத்துக்கு கிரேட் சர்க்கிள் மேப்பர். நேரத்துக்கு இந்த வகைத் தளம் எதுவுமே வேண்டாம். விமான நிறுவனத்தின் கால அட்டவணையைப் பாருங்கள். அதே விமானம் கடந்த சில நாட்களில் உண்மையில் எவ்வளவு நேரம் பறந்தது என்பதை ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்ற கண்காணிப்புத் தளங்களில் பாருங்கள்.

கிரேட் சர்க்கிள் மேப்பரைத் திறந்தால் அலங்காரம் ஒன்றும் இருக்காது. ஒரு பெட்டி. அதில் விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளை நடுவில் சிறு கோடு போட்டு எழுதினால் உலகப் படத்தில் பாதை வரைந்து, கீழே தூரத்தையும் புறப்படும் திசையையும் ஒரு அட்டவணையாகத் தருகிறது. இரண்டு ஊரோடு நிற்க வேண்டியதில்லை. போகும்போது ஒரு ஊரில் மாறி, வரும்போது வேறு ஊரில் மாறி வருகிற பயணத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகவும் மொத்தமும் வந்துவிடும். கிலோமீட்டர், மைல், கடல் மைல் மூன்றிலும் பார்க்கலாம். இந்த மூன்றாவது முக்கியம். விமானத் துறை பேசுவது கடல் மைலில். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர், சாதாரண மைல் சுமார் 1,609 மீட்டர். வெறுமனே 'மைல்' என்று எழுதிவிட்டு எந்த மைல் என்று சொல்லாத தளத்தில், நீண்ட பயணம் ஒன்றில் ஆயிரம் மைலுக்கு மேல் பிசகிவிடும்.

இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அது தானாக நேரம் சொல்ல முன்வராததுதான். வேகம் நீங்கள் கொடுத்தால் கணக்குப் போட்டுத் தரும். கொடுக்காவிட்டால் பேசாமல் இருக்கும்.

முதல் முறை பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கோடு ஏன் வளைகிறது? சுவரில் மாட்டும் தட்டைப் படத்தில் டோக்கியோவிலிருந்து லண்டனுக்கு நேர்க்கோடு போட்டால் அது மத்திய ஆசியா வழியாகப் போகிறது. அதைவிடக் குறுகிய வழி வடக்கே ஏறி சைபீரியாவைத் தாண்டுகிறது. பூகோள உருண்டை கையில் இருந்தால் இரண்டு ஊரிலும் ஒரு நூலைப் பிடித்து இறுக்கிப் பாருங்கள், நூல் தானாகவே வடக்கே நகர்ந்து நிற்கும். அதுதான் பெருவட்டப் பாதை. கோளத்தின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அதைவிடக் குறுகிய வழி கிடையாது. 1569இல் வரைபடக்காரர் மெர்கேட்டர் வரைந்த முறையிலான படங்கள் கப்பலோட்டிகளுக்குத் திசை பிடிக்க உதவின. தூரம் பார்க்க அவை உதவாது.

தூரக் கணக்கில் நல்ல தளத்துக்கும் சுமாரான தளத்துக்கும் வித்தியாசம் சிறியது. சில தளங்கள் பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள சரியான கோளமாக எடுத்துக்கொள்கின்றன. உண்மையில் நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. பூமி துருவங்களில் சற்றுத் தட்டை. கோளம் என்று வைத்துக் கணக்கிட்டால் அதிகபட்சம் அரை சதவீதம் அளவுக்கு விலகும். புவி அளவை நிபுணர் வின்சென்டி 1975இல் வெளியிட்ட சூத்திரம் போன்றவை இந்தத் தட்டையையும் சேர்த்துக்கொள்கின்றன. கூட்டத்துக்குப் போகிறவருக்கு இந்த அரை சதவீதம் பொருட்டல்ல. அதனால் எந்தத் தளத்தில் தூரம் பார்த்தாலும் பெரிய மோசம் இல்லை என்றே சொல்வேன், நீங்கள் கொடுத்த ஊரைத்தான் அது எடுத்துக்கொண்டது என்றால்.

அந்த 'என்றால்' பெரியது. ஒரு தளத்தில் சான் ஹோசே என்று போட்டபோது அது கலிபோர்னியாவில் உள்ள ஊரை எடுத்துக்கொண்டது. போக வேண்டியவரின் கூட்டமோ கோஸ்டாரிகாவின் தலைநகரில். லண்டன் கனடாவிலும் இருக்கிறது, சிட்னியும் கனடாவில் ஒன்று இருக்கிறது, பர்மிங்காம் இங்கிலாந்திலும் அலபாமாவிலும் இருக்கிறது. ஊரை மட்டும் கேட்டு விமான நிலையத்தைக் கேட்காத தளங்கள் சில சமயம் நகரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அளக்கின்றன. இங்கிலாந்தின் லண்டனுக்கு மட்டும் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று பல விமான நிலையங்கள். மூன்றெழுத்துக் குறியீட்டைக் கேட்டுக் கட்டாயப்படுத்தும் தளம் முதலில் சிரமமாகத் தெரிந்தாலும், இந்தக் குழப்பம் அங்கே எழவே எழாது.

இனி நேரம். என் மனக்குறை முழுவதும் இங்கேதான்.

தேடுபொறியில் இரண்டு ஊர்ப் பெயரையும் 'விமான நேரம்' என்பதையும் போட்டால் முதலில் வந்து நிற்பவை, ஒவ்வொரு ஊர் ஜோடிக்கும் தானாகவே ஒரு பக்கம் உருவாக்கிவைத்திருக்கும் தளங்கள். மேலே பெரிய எழுத்தில் 'பயண நேரம் 7 மணி 24 நிமிடம்' என்பது போல் நிமிடம் வரை துல்லியமாக இருக்கும். பக்கத்தின் அடியில் போய்ப் பாருங்கள். பொடி எழுத்தில், மணிக்கு 500 மைல் சராசரி வேகம், ஏறி இறங்க அரை மணி நேரம் என்று எழுதியிருக்கும். அவ்வளவுதான் கணக்கு. தூரத்தை 500ஆல் வகுத்து அரை மணி கூட்டியது. அந்த விமானம் எது, எந்தத் திசையில் போகிறது, எந்த மாதம், எந்த நாட்டு வான்வெளி வழியாக என்பது எதுவும் அதில் இல்லை.

நியூயார்க் ஜான் எஃப். கென்னடியிலிருந்து ஹீத்ரோவுக்கு சுமார் 5,550 கிலோமீட்டர். இந்தக் கணக்குப்படி போகவும் 7 மணி 24 நிமிடம், வரவும் அதே. அட்டவணையைப் பார்த்தால் லண்டனுக்குப் போக ஏழு மணி நேரத்தை ஒட்டியும், நியூயார்க்குக்குத் திரும்ப எட்டு மணி நேரத்தை ஒட்டியும் இருக்கும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அந்தப் பக்கத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் வரும். ஆனால் யாரும் சராசரியில் பறப்பதில்லை. போகிறவர் போகிற திசையில்தான் பறக்கிறார்.

வித்தியாசத்துக்குக் காரணம் ஜெட் காற்றோட்டம். சுமார் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்று. பயணிகள் விமானம் பறக்கும் உயரமும் அதுவே. குளிர்காலத்தில் வலுக்கும், சில நேரம் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். பெரிய விமானம் அந்த உயரத்தில் காற்றோடு ஒப்பிட மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் போகிறது. பின்னாலிருந்து 150 கிலோமீட்டர் வேகக் காற்று தள்ளினால் தரையைப் பொறுத்து 1,050. எதிரே அடித்தால் 750. 6,000 கிலோமீட்டர் பயணத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: போக 5 மணி 43 நிமிடம், வர 8 மணி. காற்றே இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் 6 மணி 40 நிமிடம். போகும்போது மிச்சமானது வரும்போது செலவானதை ஈடுகட்டுவதில்லை, ஏனென்றால் எதிர்காற்றில் விமானம் கூடுதல் நேரம் சிக்கியிருக்கிறது. 2020 பிப்ரவரியில் புயல் ஒன்றின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. ஒலியைவிட மெதுவாகப் பறக்கும் பயணிகள் விமானங்களில் அந்த வழித்தடத்தில் அது சாதனை. அதே ஊர் ஜோடி, அதே தூரம்.

தெற்கே போனால் இடைவெளி இன்னும் பெரிது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சிட்னிக்கு சுமார் 11,000 கிலோமீட்டர். தென் இந்தியப் பெருங்கடலில் மலை, கண்டம் என்று தடுப்பு எதுவும் இல்லாமல் மேற்குக் காற்று ஓடுகிறது. சிட்னிக்குப் போக பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. திரும்பி வர பதினான்கு மணி நேரம் போல் ஆகிறது. 500 மைல் கணக்கு இரண்டு பக்கத்துக்கும் 14 மணிக்கு மேல் சொல்லும். சிட்னியில் இறங்கும் ஒருவரை அழைத்துப்போக வண்டி ஏற்பாடு செய்கிறவர் அந்த எண்ணை நம்பினால், வந்தவர் இரண்டு மணி நேரம் வாசலில் நிற்பார்.

இதைவிடக் கவலை தருவது வான்வெளி மூடல். 2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய ஒன்றிய விமானங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சிங்கி - டோக்கியோ நேர்வழி சுமார் 7,800 கிலோமீட்டர். முன்பு ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த பயணம். பின்னர் ஃபின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்ஏர் வடதுருவத்தின் மேலாகவும், தெற்கே சுற்றியும் போக வேண்டியதாகி, சுமார் 13 மணி நேரமானது. வகுத்துக் கூட்டும் பக்கம் பத்தேகால் மணி நேரம் என்று சொல்லும். போரும் அதற்குத் தெரியாது, சுற்றுவழியும் தெரியாது. வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாத ஒரு எண்ணை இப்படி நிமிடக் கணக்கில் அச்சிடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. 'சுமார் 9 முதல் 13 மணி' என்று போட்டிருந்தால்கூட படிப்பவர் மேலும் தேடியிருப்பார். நிமிடம் வரை இருந்தால் தேட மாட்டார், அங்கேயே நின்றுவிடுவார்.

தூரத்தை நம்பலாம் என்றேன். அது இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரம் மட்டுமே, விமானம் பறக்கும் தூரம் அல்ல. இதைப் புரியவைக்க சிங்கப்பூர் - நியூயார்க் வழித்தடத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சிங்கப்பூரிலிருந்து, நியூயார்க்கை ஒட்டிய விமான நிலையமான நெவார்க்குக்கு வரைபடத் தூரம் சுமார் 15,340 கிலோமீட்டர். 2018இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ350-900யுஎல்ஆர் விமானத்தில் அந்தச் சேவையை மீண்டும் தொடங்கியபோது அவர்களே அறிவித்த பயணத் தூரம் சுமார் 16,700 கிலோமீட்டர், நேரம் அதிகபட்சம் 18 மணி 45 நிமிடம். குறுக்கு வழி வடதுருவத்தின் பக்கமாகப் போகிறது. விமானமோ பல நாட்களில் பசிபிக் பெருங்கடலின் மேல் கிழக்கே திரும்பி ஜெட் காற்றோட்டத்தில் ஏறிக்கொள்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகப் பறந்து, நேரத்தில் லாபம் பார்க்கிறது. இதை முதலில் கண்காணிப்புத் தளத்தின் வரைபடத்தில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் யாரோ உட்கார்ந்து அன்றைய காற்றைப் பார்த்து அன்றைக்கான பாதையைப் புதிதாக வரைகிறார்கள்.

கார்பன் கணக்கு எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் கணக்கிடும் முறை, பெருவட்டத் தூரத்தோடு ஒரு திருத்தத்தைக் கூட்டுகிறது: 550 கிலோமீட்டருக்குக் குறைவான பயணத்துக்கு 50, அதிலிருந்து 5,500 வரை 100, அதற்கு மேல் 125 கிலோமீட்டர். மேலே சொன்ன சிங்கப்பூர் கதையை வைத்துப் பார்த்தால் நீண்ட பயணங்களுக்கு 125 போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் எல்லோரும் ஒரே முறையில் எழுதினால்தான் ஒப்பிட முடியும் என்பதால் அதையே எழுதுகிறேன்.

நேர் விமானமே இல்லாத ஊர்களுக்கும் இந்தப் பக்கங்கள் நேரம் சொல்லும். சிட்னி - லண்டன் பெருவட்டத் தூரம் சுமார் 17,000 கிலோமீட்டர். 500 மைல் கணக்கு இருபத்தொன்றரை மணி நேரம் என்று தரும். குவாண்டாஸ் நிறுவனம் 2019 நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்கு நிற்காமல் பறந்து பார்த்த சோதனைப் பயணம் 19 மணி 19 நிமிடம் எடுத்தது. பறந்தது சுமார் 17,800 கிலோமீட்டர். அது சில பத்துப் பேரோடு போன ஆய்வுப் பயணம். வழக்கமான டிக்கெட்டில் நடுவில் ஒரு ஊரில் இறங்கித்தான் போக வேண்டும், இருபத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருபத்தொன்றரை என்பது இந்த இரண்டில் எதுவும் இல்லை.

அட்டவணை நேரம் ஏன் நல்லது என்றால், அது கேட்டிலிருந்து விமானம் நகரும் நொடி முதல் அடுத்த ஊர் கேட்டில் நிற்கும் நொடி வரை. துறையில் பிளாக் டைம் என்பார்கள். ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கியபின் கேட் வரை வருவது எல்லாம் அதில் அடக்கம். கண்காணிப்புத் தளங்கள் வானில் இருந்த நேரத்தையும் காட்டும். அட்டவணை 7 மணி 10 நிமிடம் என்றால் வானில் 6 மணி 20 நிமிடம் இருந்திருக்கலாம். இரண்டையும் கலந்து ஒப்பிடக் கூடாது. அட்டவணை வருடத்துக்கு இரண்டு முறை மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்: மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. கோடையில் பார்த்து எழுதிவைத்த எண்ணைக் குளிர்காலப் பயணத்துக்கு எடுக்க வேண்டாம்.

எங்கள் அலுவலகத் தம்பி ஒருவர் தன் அம்மாவை ஒரு நீண்ட பயணத்துக்கு அனுப்பும்போது என்னிடம் வந்தார். அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர். "மேடம், புறப்படுறது ராத்திரி, இறங்குறது மறுநாள் காலையில. ஏழு மணி நேரம்தானே?" என்று கேட்டார். டிக்கெட்டில் இருப்பது இரண்டு ஊர்களின் உள்ளூர்க் கடிகார நேரம். இடையில் பல நேர மண்டலங்கள். நடுவில் விமானம் மாறும் நேரத்தையும் சேர்த்தால் அவர் நினைத்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. புறப்படும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றிக் கழித்து, ஒவ்வொரு கட்டமும் எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மருந்து வேளையை மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்தார். மருந்து எடுப்பவர்கள் யாராக இருந்தாலும் கழிந்த மணி நேரத்தைத்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், கடிகாரத்தை அல்ல.

இறங்கும் உள்ளூர் நேரத்தையும் சேர்த்துச் சொல்லும் தூரத் தளங்கள் இந்த இடத்தில் இன்னொரு முறை தவறுகின்றன. சிங்கப்பூர் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நியூயார்க் மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி நவம்பரில் திரும்ப வைக்கிறது. வித்தியாசம் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி. நிலையான ஒரு எண்ணை வைத்துக்கொண்ட பக்கம் வருடத்தின் ஒரு பகுதியில் ஒரு மணி நேரம் பொய் சொல்லும்.

இந்தத் தளங்களை நடத்துபவர்கள் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள். நேரப் பெட்டியை எடுத்துவிடச் சொல்லவில்லை. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டாகப் பிரியுங்கள். நேர் விமானம் இருக்கிறதா இல்லையா என்று மேலேயே எழுதுங்கள். நிமிடத்தை விட்டுவிட்டு அரை மணி நேரத்துக்கு முழுமையாக்குங்கள். சராசரி வேகம் 500 மைல் என்ற அந்த ஒரு வரியை அடியிலிருந்து எடுத்து, நேரத்துக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் போடுங்கள். கடைசியாகச் சொன்னதை மட்டும் செய்தால்கூடப் போதும், மீதியைப் படிப்பவர்களே பார்த்துக்கொள்வார்கள்.